இரண்டு மணிக்கான கையெழுத்து

கேள்வி: அப்பா தொடங்கிய பெட்ரோல், டீசல் மொத்த விற்பனை டிப்போவை ஆறு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன், காலை 11.40 மணிக்கு, டேங்கர் லாரியில் டீசல் ஏற்றும்போது தீப்பிடித்து எங்கள் மூத்த ஊழியருக்கு முகமும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. 22 ஆண்டுகள் எங்களோடு இருப்பவர். 'அண்ணன்' என்றுதான் அழைப்பேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர். பெட்ரோல்கூட இல்லை, வெறும் டீசல். லாரியில் சேரும் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியின் கிளிப்பை மாட்டியிருந்தாரா என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. நான் மாலையில் கையெழுத்திடும் சோதனைப் பதிவேட்டில், மதியம் 2 மணி லாரிக்குக்கூட அவர் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அந்த அலட்சியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவச் செலவு முழுவதும் என்னுடையது. ஆனாலும் அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவருடைய மகனை அதே வேலையில் சேர்த்துக்கொள்வதுதான் முறை என்கிறார் அப்பா. பையனும் சம்மதிக்கிறான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த 2 மணிக் கையெழுத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

11.40க்குத் தீப்பிடிக்கிறது. 2 மணி லாரி டிப்போ வாசலுக்கே வரவில்லை. ஆனால் அதற்கு எர்த் மாட்டியாயிற்று, தொட்டியின் மூடியைச் சரிபார்த்தாயிற்று என்று பதிவேடு சாட்சி சொல்கிறது. இதற்கு 'அலட்சியம்' என்று பெயர் வைத்து, வெளியே சொல்லாமல் இருப்பதைப் பெருந்தன்மைக் கணக்கிலும் எழுதிக்கொண்டீர்கள்.

முதலில் போன வருடத்துப் பதிவேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். லாரிக்கு எண்ணெய் ஏற்றும் மேடையில் நிற்பவரின் கையுறையில் எண்ணெய் இருக்கும். லாரிக்கு லாரி கையெழுத்துப் போட்டால் பக்கம் அழுக்காக வேண்டும், விரல் பதிந்திருக்க வேண்டும், பேனா மாறியிருக்க வேண்டும், சாயங்காலக் கையெழுத்து களைத்துப்போய்க் கோணலாக விழுந்திருக்க வேண்டும். உங்கள் பதிவேடு பளிச்சென்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரே மையில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழே வரிசையாக. அப்படி எத்தனை பக்கங்களின் அடியில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்? அவர் காலையில் மொத்தமாகப் போட்டார், நீங்கள் மாலையில் மொத்தமாகப் போட்டீர்கள். அவர் செய்தது அலட்சியம் என்றால் நீங்கள் செய்ததற்கு என்ன பெயர்? (கடமையைக் குறிக்கும் சொல்லையே 'கடனே என்று' என வேண்டாவெறுப்புக்கும் பழக்கிவிட்ட மொழி நம்முடையது. சும்மாவா வந்தது!)

அடுத்து, 'வெறும் டீசல்.' ஆறு ஆண்டு இந்தத் தொழிலில் இருப்பவர் எழுதுகிற வார்த்தையா இது? டீசல் எளிதில் பற்றாது என்பது உண்மை. ஏறத்தாழ 50 டிகிரியைத் தாண்டினால்தான் அதிலிருந்து பற்றுகிற அளவுக்கு ஆவி எழும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் ஆவி விடும். அந்த லாரி முந்தைய நடையில் எதை ஏற்றிச் சென்றது? உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை. பெட்ரோலை இறக்கிவிட்டு வந்த லாரித் தொட்டியின் அறையில் பெட்ரோல் இருக்காது, ஆவி இருக்கும். காற்றில் அது நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை கலந்திருந்தால்தான் பற்றும். மூடிய அறைக்குள் பெரும்பாலும் அதைவிட அடர்ந்து கிடப்பதால் தப்பிக்கிறோம். அங்கே டீசலை விட்டால் அது ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். அடர்த்தி இறங்கிப் பற்றுகிற எல்லைக்குள் வந்துவிடும். குழாயிலும் வடிகட்டியிலும் உரசி வந்த டீசலோ மின்னேற்றத்தோடு விழுகிறது. அப்புறம் ஒரு பொறி போதும். இதற்காகத்தான் குழாய் முனை டீசலுக்குள் மூழ்கும்வரை வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது. இதற்காகத்தான் மூடியைத் திறக்கும் முன் எர்த் மாட்டி, மூடிய பிறகு கழற்றுவது. மாட்டினாலும் கிளிப்பின் பல் இரும்பைக் கடித்திருக்க வேண்டும். பெயின்ட்டைக் கடித்திருந்தால் மாட்டாததற்குச் சமம்.

உங்கள் டிப்போவில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே வைத்திருந்த பதிவேட்டை நீங்கள் இருவரும் சேர்ந்து ஊமையாக்கிவிட்டீர்கள்.

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து வெடித்தது. அளவு காட்டும் கருவி சிக்கி நின்றுவிட்டது. அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் அது சிக்கியது ஒருமுறை, இருமுறை இல்லை, 14 முறை. ஒவ்வொரு தடவையும் சமாளித்துக்கொண்டு வேலை ஓடியது. தொட்டி நிரம்பினால் வரத்தை நிறுத்த இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதன் நெம்புகோலை உரிய நிலையில் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டு வேண்டும். பூட்டின் பயன் புரியாததால் அதை மாட்டாமலே விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, 40 பேருக்கு மேல் காயம். அங்கே அந்தப் பூட்டு, உங்களிடம் பேனா.

'குடும்பத்தில் ஒருவர்' என்ற சொல் இல்லாத கடிதம் இந்த விஷயத்தில் எனக்கு வந்ததே இல்லை. குடும்பம் பற்றி எனக்குப் பழைய அபிப்பிராயம்தான். கூடப் பிறந்தவன் மேடை ஏறும்போது கீழே நின்று "கம்பி மாட்டினாயா?" என்று கத்துகிறவர்தான் குடும்பம். அண்ணன் என்று அழைத்தீர்களே, ஆறு ஆண்டுகளில் எத்தனை முறை அந்த ஏணியில் ஏறினீர்கள்? லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகச் சோதித்தால் முதலாளி என்ன சொல்வார் என்று அவர் யோசித்திருப்பார். அந்த வரிசையின் நீளத்தை முடிவு செய்தவர் நீங்கள். மருத்துவச் செலவு 'என்னுடையது' என்று எழுதாதீர்கள். அது நீங்கள் பட்ட கடன். அவர் விரல்கள் பழையபடி மடங்கும்வரை முழுச் சம்பளம், மடங்காமலே போனால் அதற்குரிய இழப்பீடு. இரண்டையும் எழுத்தில் கொடுங்கள்.

பையன் சம்மதித்தானாம். தகப்பன் கட்டோடு படுத்திருக்கும்போது, செலவு செய்கிற முதலாளியிடம் எந்தப் பிள்ளை மாட்டேன் என்பான்? அப்பா சொல்வது மரியாதைக்குரிய பேச்சாக இருக்கலாம், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவனை மேடையில் ஏற்றாதீர்கள். அவனுக்கு என்ன படிக்க, என்ன செய்ய ஆசை என்று அவன் அம்மாவின் எதிரில் கேளுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். காலியான இடத்தில் ஒரு மாதம் நீங்கள் நில்லுங்கள். பருத்தி உடை, கையுறை, பக்கத்தில் வேலை தெரிந்த ஒருவர். ஒவ்வொரு லாரிக்கும் முந்தைய சரக்கைக் கேட்டு, எர்த் மாட்டி, அந்த நிமிடத்திலேயே கையெழுத்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லாரிதான் போகும் என்பது அப்போது தெரியும். இப்போது அனுப்புவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள். எர்த் இல்லாவிட்டால் பம்ப் ஓடாதபடி தடுக்கும் கருவியும் இருக்கிறது. அதையும் பொருத்துங்கள், பொருத்திய பின் யாரும் அதை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா உங்கள் முகத்தைப் பார்க்காததில் குற்றம் ஒன்றும் இல்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். விபத்து நாளின் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்காது. அன்று மாலை அதற்கு நேரம் ஏது? முந்தைய நாள் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அதில் இருவரும் இருப்பீர்கள்.