அப்பா கொடுத்த வாழைத்தார்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நாற்பது வருடமாகப் பக்கத்துத் தோட்டம் வழியாகத்தான் எங்கள் வண்டி போய்வந்தது. அப்பா ஒவ்வொரு தையிலும் அந்த வீட்டுக்கு ஒரு வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுத்து, “இந்த வருடமும் வண்டி விட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிட்டு வருவார். அவ்வளவு மரியாதை. அப்பா காலமானதும் அந்த வீட்டார் கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். உடனே வழக்குப் போட்டோம். 20 ஆண்டு நடந்த பாதை பாத்தியமாகிவிடும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியும் சென்ற வாரம் முன்சீப் கோர்ட்டில் தோற்றுவிட்டோம். சென்னைத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாதாம். பாலக்காடு வேறு நாடா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு அது. உயர் நீதிமன்றத் தீர்ப்போ அதன் எல்லைக்குள் இருக்கும் கீழ்க் கோர்ட்டுகளைத்தான் கட்டுப்படுத்தும். வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் சென்னைத் தீர்ப்பை மதித்துப் படிப்பார்கள். ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை.

ஆனால் அதே தீர்ப்பு எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தாலும் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீதிபதி முதலில் பார்ப்பது என்ன நடந்தது என்பதை. அந்த வழக்கில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றுதானா என்று பொருத்திப் பார்த்த பிறகே முன்தீர்ப்புக்கு உயிர் வருகிறது. அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற பாத்தியங்களைப் பற்றிய 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் 20 ஆண்டு நடந்தால் போதும் என்று சொல்லவில்லை. பகிரங்கமாக, தடையின்றி, தகராறின்றி, உரிமையாக நடந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் அப்பா வருடந்தோறும் கேட்டார். கேட்டு நடந்த வழி எத்தனை வருடமானாலும் அனுமதிதான். எழுதவே மனம் கனக்கிறது. கூண்டில் ஏறி அந்த வாழைத்தாரைப் பெருமையோடு சொல்லியிருப்பீர்கள். ஒரு நல்ல மனிதரின் பண்பு எதிர்த்தரப்புக்குச் சாட்சியமாகிவிட்டது.

ஒன்று செய்யுங்கள். மூலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டு தோட்டமும் ஒரு காலத்தில் ஒரே கையிலிருந்து பிரிந்தவையா? உங்கள் தோப்புக்கு வேறு வழியே கிடையாதா? இரண்டுக்கும் ஆம் என்றால், அதே சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி அவசியப் பாதை கேட்க இடமுண்டு. அதற்கு 20 ஆண்டுக் கணக்கு வேண்டாம். அப்பா கேட்ட அனுமதியும் குறுக்கே நிற்காது. வழக்குரையில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் திருத்த அனுமதி கோர வேண்டும், வக்கீலிடம் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அதில் சேராது என்றாலும், நகலுக்கு நாளைக்கே மனுப் போடுங்கள்.