கலப்பு ஊடகக் கலையில் ‘நான் யார்’ என்பதை மாணவர்கள் எப்படிக் காட்டலாம்?

வண்ணம், துணி, படநகல், கையெழுத்து எனப் பல பொருள்களை ஒரே படைப்பில் சேர்ப்பதே கலப்பு ஊடகக் கலை. பினாங்குப் பசெம்பூர் என்ற கலவை உணவு மாதிரி: இறால் வடையும் வெள்ளரியும் தனித்தனியே தெரியும், குழம்பு அவற்றை இணைக்கும்.

முகம் வரையத் தெரியாத பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்கத் தெரியும். பாட்டியின் சேலைக்கரை, பழைய ஃபெர்ரி டிக்கெட், தாத்தாவின் படம் என எதை எடுக்கிறது, எதை நடுவில் வைக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஏ3 தாள் நல்லது. மெனிலா அட்டை ஈரத்தில் சுருளும். அசல் படத்தை ஒட்டவே வேண்டாம். லேசர் நகல் போதும். இங்க்ஜெட் நகலில் பசை பட்டால் மை கசியும். காகிதத்துக்கு 2 பங்கு வெள்ளைப் பசை, 1 பங்கு தண்ணீர். துணிக்குத் தண்ணீர் கலக்காத பசை. முதலில் நீர்வண்ணம், காய்ந்தபின் ஒட்டுவேலை, எண்ணெய் பேஸ்டல் (மெழுகு கலந்த வண்ணக்குச்சி) கடைசியில்தான், ஏனென்றால் அதன் மெழுகின்மேல் நீர்வண்ணம் பிடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரிரவாவது காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுக்கினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடையாளம் என்றாலே கோலமும் குத்துவிளக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அறுந்த பூப்பந்து மட்டை நரம்பும் ஒரு பிள்ளையின் அடையாளமாகலாம்.