அந்நியர்களிடம் எச்சரிக்கையாக இருக்க, படக்கதைப் புத்தகங்கள் வழியாக ஐந்து வயதுக் குழந்தைக்குக் கற்றுத்தர முடியுமா?

முடியும். ஆனால் அதற்கென்றே அச்சிடப்பட்ட புத்தகங்களை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருப்பதால், எதை வாங்குவது என்பதைவிட எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது அப்படிப்பட்ட மூன்று புத்தகங்களை வாங்கினேன். மூன்றிலும் கெட்டவரைப் பக்கத்தைத் திருப்பிய உடனேயே கண்டுபிடித்துவிடலாம்: முள்தாடி, சிவந்த கண்கள், ஒரு கையில் சாக்லேட், மறு கை முதுகுக்குப் பின்னால். அடுத்த வாரமே, எங்கள் தெருவில் பல வருடங்களாகப் பழைய பேப்பர் வாங்க வரும் தாடிக்காரப் பெரியவரைக் கண்டு அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதே கதவை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து “அப்பா இருக்காராம்மா?” என்று சிரித்துக் கேட்ட, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒருவருக்கு, ஸ்டூல் போட்டு ஏறித் தாழ்ப்பாளை நீக்கித் திறந்துவிட்டாள்.

புத்தகம் போட்டவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கோணிப்பையோடு வரும் பிள்ளை பிடிக்கிறவனைச் சொல்லித்தானே நாமும் சோறு ஊட்டப்பட்டு வளர்ந்தோம்? அந்தப் பயம் பெரியவர்களிடமும் எவ்வளவு ஆழமாகக் கிடக்கிறது என்பது 2018 மே மாதத்தில் தெரிந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியதில், அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். முதல்முறை பார்க்கும் விருந்தினரையும் “மாமா” என்று அழைக்கச் சொல்லி, “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று வற்புறுத்தும் நம் வீடுகளில், அந்நியர் யார் என்று ஐந்து வயதுக் குழந்தை எப்படி வரையறுக்கும்? ஆகவே எங்கள் வீட்டில் விதியை மாற்றினோம்: தெரிந்தவரோ தெரியாதவரோ, யார் கூப்பிட்டாலும் வீட்டில் கேட்காமல் போகக் கூடாது, யார் எதைக் கொடுத்தாலும் எங்களிடம் மறைக்கக் கூடாது.

இந்த விதியைப் பழக்க எந்தப் படக்கதையும் உதவும். சந்தை, பேருந்து நிலையம், திருவிழா என்று கூட்டம் நிறைந்த ஒரு படம் இருந்தால் போதும். அப்படி ஒரு தேர்த் திருவிழாப் படத்தைக் காட்டி, “இதில் நீ என் கையை விட்டுவிட்டால் யாரிடம் போவாய்?” என்று கேட்டேன். போலீஸ்காரரைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் விரலை ஓட்டிவிட்டு, ஓரத்தில் கூடையோடு அமர்ந்திருந்த பூக்காரம்மாவைத் தொட்டாள். காரணம் கேட்டதற்கு, “இவங்க எங்கயும் போக மாட்டாங்க, அங்கயேதான் உக்காந்திருப்பாங்க” என்றாள். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தந்ததில்லை. அன்றிலிருந்து எந்தக் கடைவீதிக்குப் போனாலும் முதலில் அப்படி ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரைத் தேடிக் காட்டச் சொல்வது எங்கள் விளையாட்டாகிவிட்டது.

படிக்கும்போது, கதையில் யாராவது குழந்தையை அழைக்கும் இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்திவிட்டு, “இப்போது நீ என்ன சொல்வாய்?” என்று கேளுங்கள், அவள் பதில் தவறாக இருந்தாலும் உடனே திருத்தாமல், அந்தப் பதிலின்படியே கதையைக் கொஞ்சம் நடத்திப் பாருங்கள். இரவில் தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் இவற்றை எடுக்காதீர்கள். பகலில் கேட்டால் விளையாட்டாகத் தோன்றும் கேள்வி, விளக்கணைக்கும் நேரத்தில் பயமாகிவிடுகிறது. புத்தகங்களுக்கு அதிகம் செலவு செய்யவும் தேவையில்லை: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் பாருங்கள். கடைசிப் பக்கத்தின் உள்ளட்டையில் உங்கள் கைபேசி எண்ணையும், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் குழந்தையின் கையாலேயே எழுத வையுங்கள்.

நாங்கள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்திருக்கிறோம். “அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்று யார் வந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். அவசரமாக ஒருநாள் என் மாமனாரைப் பள்ளிக்கு அனுப்பியபோது, அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் போனை எடுக்கும்வரை பத்து நிமிடம் தாத்தாவும் பேத்தியும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. இப்போதோ, மாலையில் வாக்கிங் முடித்து வரும்போது காலிங் பெல்லை அடிக்காமல், வாசலில் நின்று அந்தச் சொல்லைத்தான் உரக்கச் சொல்கிறார். தெருவுக்கே தெரிந்துவிட்டதால் நாங்கள் வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.