ஒரே நோயாளியிடம் பராமரிப்புப் பொருளைச் சோதிப்பது: கேள்வி பதில்

கேள்வி: டயாப்பர் கட்டிய முதியவருக்கு, ஈரம் தோலில் படாமல் காக்கும் தடுப்பு கிரீம் தடவினோம், மூன்றே நாளில் சிவப்பு வடிந்தது. கிரீம் பலனளித்தது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். சிவப்பு மிக மோசமான நாளில்தான் கிரீமை எடுத்திருப்பீர்கள்; உச்சத்துக்குப் போனது பெரும்பாலும் தானாகவே இறங்கும். கிரீமைத் தொடுவதற்கு முன், வழக்கமான பராமரிப்பு மட்டும் நடக்கும் ஐந்து நாட்களுக்கு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், சென்டிமீட்டர் கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை வைத்துச் சிவந்த பரப்பை அளந்து குறியுங்கள். ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010இல் கல்வி ஆய்வுகளுக்கு வகுத்த நெறிகூட, சோதனையின் எந்தப் பகுதியிலும் (பொருள் இல்லாத நாட்கள், உள்ள நாட்கள்) மூன்று அளவீடுகளுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. பிறகு கிரீம், மீண்டும் கிரீம் இல்லாத நாட்கள், மீண்டும் கிரீம். டயாப்பர் மாற்றிய எண்ணிக்கையையும் சார்ட்டில் எழுதுங்கள். புதுக் கிரீம் வந்த வாரத்தில் எல்லோரும் அடிக்கடி துடைப்பார்கள், பெயர் கிரீமுக்குப் போய்விடும்.

கேள்வி: படுக்கைப் புண் டிரஸ்ஸிங்கையும் இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. ஆறிய புண், டிரஸ்ஸிங்கை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பாது. திரும்புமானால் அதைச் செய்ய நமக்கு உரிமையில்லை. மாறாக, மூன்று நோயாளிகளை எடுத்து, மூவருக்கும் பழைய டிரஸ்ஸிங்கோடு ஒரே நாளில் அளவீட்டைத் தொடங்கி, புதியதை 5, 8, 11 நாட்கள் கழித்து, யாருக்கு எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கி, ஆரம்பியுங்கள். அவரவர் தொடங்கிய நாளுக்குப் பின்னரே அவரவர் புண் வேகமாகச் சுருங்கினால் அது பேசத்தக்க செய்தி.

கேள்வி: எந்த நிறுவனத்தின் கிரீம் நல்லது?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நோயாளியிடம் கண்டது வெறும் அனுபவக் கதைதானே?

பதில்: முன்னளவீடு இல்லாவிட்டால் கதைதான். ஆனால் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கார்டன் கயாட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட முறையில், ஒரே நோயாளிக்கு மருந்தும் போலி மருந்தும் இணை இணையாக, குலுக்கிய வரிசையில், எது எப்போது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் தரப்பட்டன. ஐந்து இணைகளிலும் மருந்தே வெல்வது தற்செயலாக நடக்க 32இல் ஒரு வாய்ப்புதான். எந்த வகை ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்று வரிசைப்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டின் 2011 சான்றுப் படிநிலை இத்தகைய சோதனையை முதல் நிலையில் வைக்கிறது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் அதை நம்பி வார்டு முழுவதற்கும் வாங்கலாமா?

பதில்: அந்த முடிவு அந்த நோயாளிக்கு மட்டுமே. வார்டுக்கு வேண்டுமானால் வேறு நோயாளிகளிடம், வேறு செவிலியர் கையில், அதே சோதனை மீண்டும் தேற வேண்டும்.

கேள்வி: காற்று மெத்தை போட்ட இரண்டாம் நாளே இடுப்புச் சிவப்பு போய்விட்டது. மெத்தைதானே காரணம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குதிகால் உறைக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தும். உறை மாட்டுவதற்கு முன் எத்தனை நாள் அளந்தீர்கள்?