சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை, ஆனாலும் டிபி மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது: அப்பாவுக்கு 54 வயது, 47 கிலோ. பல்லடம் பக்கம் நூல் மில்லில், பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டும் ப்ளோ ரூமில் 20 வருட வேலை. மூன்று மாதமாக இருமல், பொழுதானால் காய்ச்சல், 6 கிலோ எடை குறைவு. ஒரே ஒரு சளி டெஸ்ட், அது நெகட்டிவ். சிடி ஸ்கேன், டிபி கோல்டு ரத்தப் பரிசோதனை என்று 40,000 ரூபாய் போய்விட்டது. மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் வாந்தி, மூத்திரம் சிவப்பாகப் போகிறது.

சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். டாக்டருக்கு மேல் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். மூத்திரம் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போவது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், வியர்வையிலும் வரும், கெடுதல் இல்லை. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு நிறம் கெட்டியாக இருந்து, மறுநாள் வெடியாலைக்குள் பெரும்பாலும் வெளுத்துவிடும். நாள் முழுக்க டீ டிகாக்‌ஷன் மாதிரி கருத்துப் போனால், கண்ணின் வெள்ளை மஞ்சளானால், சோற்றைப் பார்த்தாலே குமட்டினால், வலப்பக்க மேல்வயிறு வலித்தால் கல்லீரல் அடிபடுகிறது என்று அர்த்தம். அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். அதில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு வழக்கமான உச்சத்தைப் போல மூன்று மடங்கு தாண்டி இந்தத் தொந்தரவுகளும் இருந்தால், அல்லது தொந்தரவே இல்லாமல் ஐந்து மடங்கு தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்பார்கள். இந்த இடத்தில் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வது. அது உயிருக்கே ஆபத்து.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல் வெறும் வாந்தி மட்டும் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டால்தான் மருந்து நன்றாக உடம்பில் சேரும், ஆனால் தாங்காதவர்கள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம், அல்லது ராத்திரி படுக்கும் முன் போடலாம். கேஸ் சிரப் குடிப்பதாக இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கூடவே குடித்தால் மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் மருந்து சரியாகச் சேராது. எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நான்கு மருந்தும் சேர்ந்த அரசு மாத்திரை 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. அப்பா நோய்க்கு முன்னால் 53 கிலோ. பழைய எடையைச் சொல்லியிருந்தால் ஒரு மாத்திரை கூடுதலாகப் போகும். மூத்திர நிறத்துக்குப் பயப்படுகிறவர்கள் கண்ணைக் கவனிப்பதில்லை. நான்கு மருந்தில் ஒன்றான எத்தாம்பூட்டால் பார்வை நரம்பைத் தொடும். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, ஒரு சிவப்பு மிளகாயையும் ஒரு பச்சை மிளகாயையும் காட்டிக் கேளுங்கள். நிறம் குழம்பினால் உடனே சொல்ல வேண்டும். பாதம் மதமதப்பாக இருந்தால் ஐசோனியாசிட் வேலை, பி6 மாத்திரை கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ரிஃபாம்பிசின் அதன் வேகத்தைக் குறைக்கும், சர்க்கரை ஏறும், மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த நெகட்டிவ் ரிப்போர்ட். மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் நூற்றுக்கணக்கில் இருந்தாலே போதும், சிபிநாட்டில் ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சேர்ந்தே தெரியும். சிபிநாட் கருவிக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆகவே எந்தச் சளி டெஸ்ட் எடுத்தார்கள் என்று முதலில் ரிப்போர்ட்டில் பாருங்கள்.

அதைவிட முக்கியம், டப்பாவுக்குள் போனது சளியா எச்சிலா என்பது. தண்ணியாக, நுரையாக, கண்ணாடி மாதிரி இருந்தால் எச்சில். எச்சிலில் தேடினால் எந்தக் கருவியும் இல்லை என்றுதான் சொல்லும். பழி மட்டும் லேப் மேல் விழும். எப்படி எடுப்பது என்று ஒரு நிமிடம் நின்று சொல்லிக் கொடுக்காமல் டப்பாவைக் கையில் கொடுத்துத் தாட்டிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லிக் கொடுங்கள். வெடியால எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், வாசலிலோ மொட்டை மாடியிலோ ஆளில்லாத பக்கம் நிற்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் அடக்கி, விட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக, கொழகொழவென்று 2 முதல் 5 மில்லி, அதாவது அரை ஸ்பூனிலிருந்து ஒரு ஸ்பூன். மூடியைத் திருகி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சளியே வராவிட்டால் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் கருவியில் உப்புத்தண்ணீரை இழுக்க வைத்து எடுக்கலாம், அதிலும் வராவிட்டால்தான் நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. பத்து நாள் மாத்திரை போன பிறகும் சிபிநாட் எடுக்கலாம், செத்த கிருமியின் மிச்சத்தையும் அது காட்டும். கிருமியை ஆறு வாரம் வரை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மட்டும் மாத்திரைக்கு முன் எடுத்த சளிதான் சிறந்தது.

டிபி கோல்டு பாசிட்டிவ் என்பது கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். நோய் இருக்கிறதா என்று சொல்லாது. நம் நாட்டில் நன்றாக நடமாடும் எத்தனையோ பேருக்கு அது பாசிட்டிவாக வரும். அந்தப் பணம் வீண்தான். ஆனால் டாக்டர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். கிருமி சிக்காவிட்டாலும் படமும் அறிகுறியும் பார்த்து மருந்து ஆரம்பிக்க விதிமுறையிலேயே இடம் உண்டு. இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்று, எடை ஏறி, படம் தெளியத் தொடங்க வேண்டும். அசைவே இல்லை என்றால் அப்போது 'இது டிபிதானா' என்று அழுத்திக் கேளுங்கள்.

ப்ளோ ரூம் விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? ப்ளோ ரூம், பஞ்சு சீவும் கார்டிங், வெள்ளகோவில் பக்கத்தில் கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டும் ஓஇ மில்களில் பஞ்சு உதறும் இடம், இங்கே 20 வருடம் நின்றவருக்குப் பஞ்சுத்தூசி நோய் வரலாம், பிசினோசிஸ் என்பார்கள். அடையாளம், லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கும், நாள் போகப் போகக் குறையும். முற்றினால் எல்லா நாளும் இறுக்கும். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். காய்ச்சலும் எடைக் குறைவும் அதன் குணமில்லை, அதனால் உங்கள் அப்பாவுக்கு டிபி சந்தேகம் நியாயமானது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி இதைக் காட்டிக் கொடுக்கும், சளி ரிசல்ட் வராமல் மட்டும் ஊத வைக்கக் கூடாது. பிசினோசிஸ், தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயின் பட்டியலில் உள்ள தொழில்நோய். இத்தனை மில் இருக்கும் சீமையில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருமல் மருந்து எழுதுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் லெவோஃப்ளாக்சசின் வாங்கி ஐந்து நாள் போடுகிறார்கள். அது டிபி கிருமியையும் கொஞ்சம் அமுக்கும், இருமல் குறைந்த மாதிரி இருக்கும், சளியில் கிருமி சிக்காது, நோய் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அப்பா அப்படி ஏதாவது போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

செலவை நினைத்து வெசனப்படாதீர்கள், இனிமேல் பெரும்பாலும் செலவில்லை. தனியார் டாக்டர் சீட்டோடு போனாலும் அரசு மையத்தில் சிபிநாட், மாத்திரை இரண்டும் இலவசம். நிக்ஷய் என்ற அரசின் டிபி பதிவேட்டில் பெயர் பதிந்தால் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வரும், 2024 நவம்பரிலிருந்து இந்தத் தொகை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். நெஞ்சக டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் கோவை அரசு ஆஸ்பத்திரி, அல்லது பழைய ஆட்கள் இன்றும் சானிடோரியம் என்று சொல்கிற பெருந்துறை. அப்பாவுக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் உண்டா? இருந்தால் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பிடித்தம் இருந்து நிபந்தனை பொருந்தினால் டிபிக்கு நீட்டித்த நோய்ப்படி, சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்க வழி உண்டு. முதல்வர் காப்பீட்டு அட்டை அட்மிஷனுக்குத்தான், இந்த மாத்திரைக்கு அது தேவையில்லை.

போகும்போது ஆதார், பாஸ்புக், ஈஎஸ்ஐ அட்டை, மாத்திரை அட்டையோடு பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த படமாக இருந்தாலும் சரி. அன்றைக்கே நுரையீரலில் வடு இருந்திருந்தால் இன்றைய ஸ்கேனில் தெரிவது பழையதா புதியதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அரசின் டிபி உதவி எண் 1800-11-6666, கட்டணம் இல்லை.