எந்த ஹெட்போன் வாங்கலாம்? வட சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வயர்லெஸ் ஹெட்போன் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். எண்ணூர் முதல் பெரம்பூர் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் “எந்தக் கம்பெனி நல்லது?” என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டார்கள். கம்பெனி பெயர் சொல்வதில் பயன் இல்லை, இதைப் படித்துவிட்டு நீங்கள் கடைக்குப் போவதற்குள் அந்த மாடலே நின்று போயிருக்கும். எங்கே மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், பாட்டுக்கா பேச்சுக்கா என்று விவரமாக எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தினமும் எண்ணூரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் வந்து காலேஜுக்குப் போகிறேன். 2,000 ரூபாய்க்குள் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ பட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மாட்டினால் ட்ரெயின் சத்தமே கேட்காது என்கிறான் நண்பன். வாங்கலாமா சார்?
– கல்லூரி மாணவர், எண்ணூர்

பதில்: சத்தமே கேட்காது என்பதெல்லாம் கதை தம்பி. பாதி கேட்காது, எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன், நீங்கள் சொல்கிற அதேதான்) உள்ள பட்ஸில் வெளிச் சத்தத்தைக் கேட்கவே தனியாக ஒரு மைக் இருக்கும். அது கேட்ட அலைக்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கிற சிப் உருவாக்கி ஸ்பீக்கர் வழியாக விடும், இரண்டும் சேரும்போது சத்தம் அடங்கும். ஒரே மாதிரி தொடர்ந்து வருகிற தாழ்ந்த சத்தத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். ட்ரெயின் மோட்டார் உறுமல், தலைக்கு மேல் ஓடும் ஃபேன், பஸ் இன்ஜின், ஏசி எல்லாம் இந்த வகை. திடீரென்று வருகிற சத்தமும் உச்சத்தில் கத்துகிற சத்தமும் இதற்குப் பிடிபடாது. கொருக்குப்பேட்டையில் ஏறி சுண்டல் விற்கிறவர் குரல், ஹாரன், எதிர் சீட்டில் ஸ்பீக்கரைப் போட்டு ரீல்ஸ் பார்க்கிற அண்ணன், இதெல்லாம் உள்ளே வரத்தான் செய்யும். சில சமயம் உறுமல் போன பிறகு இன்னும் பளிச்சென்று கேட்கும்.

அந்தச் சத்தத்தைத் தடுப்பது காதை அடைக்கிற சிலிக்கான் ரப்பர். டப்பாவில் மூன்று அளவு கொடுப்பார்கள், நம் ஆட்கள் நடு அளவோடு வந்ததை அப்படியே மாட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் டப்பாவோடு பரணில் போட்டுவிடுவார்கள். பேஸ் அதிகம் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் அது சரியாக அடையவில்லை, அடுத்த அளவை மாட்டுங்கள். சிலருக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு ஒரு அளவு வேண்டியிருக்கும், அதில் தப்பில்லை. உங்கள் பட்ஜெட்டில் ஏஎன்சி கிடைக்கும், ஆனால் சுமாராகத்தான் இருக்கும். காதோடு அடையாத ஏஎன்சி பட்ஸை விட, நன்றாக அடைகிற சாதா பட்ஸே மேல்.

அட்டையில் ‘இஎன்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அது நீங்கள் போன் பேசும்போது எதிர்முனைக்காரருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைத்துக் கொடுப்பது, உங்கள் காதுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ‘40 மணி நேரம்’ என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் கேஸில் இருக்கிற சார்ஜையும் சேர்த்து, ஏஎன்சியை நிறுத்திவிட்டு, பாதி வால்யூமில் கேட்டால் வருகிற கணக்கு.

இன்னொன்று. தண்டவாளத்தைக் கடக்க வேண்டிய இடம் வந்தால் இரண்டு பட்ஸையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், பாட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. ஏஎன்சி முதலில் விழுங்குவதே தூரத்தில் வருகிற வண்டியின் உறுமலைத்தான்.

கேள்வி: வீட்டிலிருந்தே கஸ்டமர் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முழுக்க கால்தான். பக்கத்து வீட்டு டிவி, தெருவில் கிரிக்கெட், ஆடி மாதம் வந்தால் கோயில் குழாய் ஸ்பீக்கர். “பின்னால் ஒரே சத்தம்” என்று டீம் லீடர் திட்டுகிறார். அது போக, லேப்டாப்பில் பட்ஸை இணைத்து மீட்டிங்கில் சேர்ந்தால் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பாட்டு கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. பட்ஸில் கோளாறா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பட்ஸில் கோளாறு இல்லைம்மா, ப்ளூடூத்தின் குணமே அது. பாட்டு கேட்கும்போது சத்தம் ஒரு பக்கமாக மட்டும் வருகிறது, அதனால் முழுத் தரத்தில் வரும். மைக்கையும் சேர்த்துப் போட்டதும் போக, வர என்று இரண்டு பக்கமும் ஓட வேண்டும். பழைய வகை ப்ளூடூத் அதற்கென்று ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்ற வேறு முறைக்கு மாறிவிடும், அதில் ஸ்டீரியோ கிடையாது, தரமும் இறங்கிவிடும். இதற்கு நயா பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கருக்குப் பட்ஸையும் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள், குரல்கள் தெளிந்துவிடும். எல்இ ஆடியோ என்ற புது முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

லேப்டாப் மைக் போட்டால் தெருச் சத்தம் இன்னும் அதிகமாகப் போகுமே என்பீர்கள், போகும். அதனால் உங்கள் வேலைக்குப் பட்ஸே சரிப்படாது. வாய்க்குப் பக்கத்தில் குச்சி போல நீட்டிக்கொண்டு மைக் இருக்கும் ஹெட்செட் வாங்குங்கள். காதுக்குள் இருக்கிற மைக்குக்கு உங்கள் வாய் தூரம், அதனால் உங்கள் குரலும் பக்கத்து வீட்டு சீரியலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். மைக் உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி நின்றால் உங்கள் குரல் தூக்கலாக விழும், மிச்சத்தைச் சாஃப்ட்வேர் சுலபமாக வடிகட்டிவிடும். வாய்க்கு நேரே வைக்காதீர்கள், மூச்சுக்காற்று புஸ் புஸ்ஸென்று கேட்கும். மைக்கிலேயே மியூட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், குக்கர் விசில் வருகிற நேரத்தில் ஸ்க்ரீனில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைகிற ‘மல்டிபாயிண்ட்’ இருந்தால் நல்லது.

காதை முழுக்க மூடுகிற பெரிய மெத்தை வகையை மே மாதத்தில் நம் ஊரில் எட்டு மணி நேரம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெக்ஸின் மெத்தை வியர்வையில் ஊறி, கொஞ்ச நாளில் தோல் உரிந்து கழுத்தெல்லாம் கறுப்புத் துகளாக ஒட்டும். துணி மெத்தை, அல்லது ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்செட் பாருங்கள். வாங்குவதற்கு முன் கம்பெனியே தருமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலைக்கான சாமானுக்கு நாம் ஏன் கைக்காசு போட வேண்டும்?

கேள்வி: அப்பா பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது டிவியை ஊரே கேட்கிற மாதிரி வைக்கிறார். அவருக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஹெட்போனுக்கு முன்னால் அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை பிரிவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். பட்டறை இரைச்சலில் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு முதலில் போவது உச்ச ஸ்தாயி. சத்தம் கேட்கும், ஆனால் ச, த, ப எல்லாம் ஒன்று போலத் தோன்றி வசனம் புரியாது, அதனால்தான் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். டெஸ்ட் எடுத்துக் காது மெஷின் வேண்டும் என்றால் அதற்கு ஹெட்போன் ஈடாகாது, சும்மா சத்தத்தைக் கூட்டி மிச்சமிருக்கிற கேட்கும் திறனையும் கெடுத்துவிடும்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வாங்குவதானால், பட்ஸ் வேண்டாம். அந்தக் குட்டிப் பொருளைக் கேஸிலிருந்து எடுப்பதும், சோபா இடுக்கில் தேடுவதும் பெரியவர்களுக்குப் பெரிய தொல்லை. தலையில் மாட்டுகிற வகை, கையில் தட்டுப்படுகிற பட்டன், அது போதும். டிவியில் ப்ளூடூத் இருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். இல்லையென்றால் டிவிக்குப் பின்னால் ஹெட்போன் ஓட்டையில் செருகுகிற ட்ரான்ஸ்மிட்டர் தனியாக விற்கிறது. வாய் முன்னால் அசைந்து குரல் பின்னால் வந்தால் எரிச்சலாக இருக்கும், கடையிலேயே செய்தி சேனல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். டிவிக்கென்றே ஸ்டாண்டோடு வருகிற ரேடியோ வகை ஹெட்போனில் இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. அதை அந்த ஸ்டாண்டில் வைத்தாலே சார்ஜ் ஏறிவிடும், அப்பாவுக்கு அது வசதி.

கேள்வி: ஃபுட்பால் பிராக்டிஸுக்கு முன் ஓடும்போது பாட்டு வேண்டும். இரண்டு பட்ஸ் வியர்வையில் போய்விட்டது. ஐபிஎக்ஸ்4 என்றுதான் போட்டிருந்தது.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், அவ்வளவுதான். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, வியர்வையில் உப்பு இருக்கிறது. ‘எக்ஸ்’ என்ற எழுத்து தூசிக்குச் சோதனை செய்யவில்லை என்று அர்த்தம், நீங்கள் ஓடுவது மண் கிரவுண்டில். ஐபி55 மாதிரி இரண்டு எண்ணும் இருப்பதைப் பாருங்கள். ஆனால் பட்ஸ் சாவது பெரும்பாலும் ஓடும்போது இல்லை, ஓடி முடித்து ஈரத்தோடு கேஸில் போட்டு மூடும்போதுதான். உப்பு ஈரத்தோடு சார்ஜ் ஏறினால் சார்ஜ் ஏறுகிற அந்தச் சின்னப் பித்தளை நிறப் புள்ளிகள் பச்சை பிடித்துவிடும். பனியனில் துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள். ஓட்டத்துக்கு நெக்பேண்டும் மோசமில்லை, காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் கிடக்கும்.

கேள்வி: டெலிவரி வேலை. மேப் சொல்வதைக் கேட்க ஹெல்மெட்டுக்குள் பட்ஸ் போடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வருவதைக் கண்ணாடியில் பார்க்கும் முன்பே காதுதான் சொல்லும். இரண்டு காதையும் அடைக்கவே அடைக்காதீர்கள், ஏஎன்சி பேச்சே வேண்டாம். கிளம்பும் முன் வழியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். காதை அடைக்காத ‘ஓப்பன் இயர்’ வகையில் வெளிச் சத்தம் கேட்கும் என்பது நிஜம், ஆனால் மேப் குரலோடு நிறுத்திக்கொள்கிறவர் எத்தனை பேர்? அடுத்து பாட்டு, அப்புறம் போன்.

கேள்வி: எல்டிஏசி இருக்கிற ஹெட்போன் வாங்கினால் ஐபோனில் பாட்டு இன்னும் தரமாகக் கேட்குமா?
– வாசகி, மாதவரம்

பதில்: கேட்காது. எல்டிஏசி, ஏஏசி எல்லாம் ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற முறைகள். ஐபோன் ப்ளூடூத்தில் எல்டிஏசி கிடையாது, ஏஏசிதான் ஓடும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் அதற்குக் காசு கொடுக்கலாம்.

கேள்வி: பெரிய பிராண்ட் பட்ஸ் அச்சு அசலாக 600 ரூபாய்க்குப் பிளாட்பாரத்தில் கிடைக்கிறது. போனில் இணைத்தால் அசலுக்கு ஸ்க்ரீனில் வருகிற அதே படம் வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: அந்தப் படம் வருவதை நம்பாதீர்கள், அதையும் சேர்த்துத்தான் காப்பி அடிக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், அதிகபட்ச விலை, புகாருக்கான போன் நம்பர், இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 600 ரூபாய் போனால் போகட்டும் என்றால் உங்கள் இஷ்டம், ஆனால் காதுக்குள் இருப்பதும் ஒரு லித்தியம் பேட்டரிதான். அதே காசுக்குப் பில்லோடு ஒரு சாதாரண நெக்பேண்ட் கிடைக்கும்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகள் தூங்கும் வரை ஹெட்போனோடுதான் இருக்கிறாள். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் வரை பரவாயில்லை?
– அம்மா, கொளத்தூர்

பதில்: உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகிவிடும். பெரியவர்களுக்கே 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் நாலு மணி நேரம்தான். வீட்டில் டெசிபலை யார் அளக்கிறார்கள்? அவள் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். ஏஎன்சி இல்லாத ஹெட்போனில் காதில் விழவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் வால்யூமுக்கு உச்ச வரம்பு வைக்கலாம், செட்டிங்கில் சத்தம் பற்றிய பகுதியில் இருக்கும். அவளையே உட்காரவைத்து வையுங்கள், தெரியாமல் வைத்தால் அன்றைக்கே எடுத்துவிடுவாள்.