பழைய துப்பாக்கி வாங்குமுன் அது திருட்டுப் பொருளா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ராகியும் தக்காளியும் போடுகிறேன். ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ள எனக்கு உரிமம் கிடைத்திருக்கிறது, துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. தேன்கனிக்கோட்டையில் ஒருவர் தன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்கிறார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. லைசென்ஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ் மட்டும் காட்டினார். கடை விலையில் பாதிதான் கேட்கிறார். "எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், எழுத்து வேலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். திருட்டு வண்டியா என்று எண்ணை வைத்துப் பார்ப்பதுபோல, துப்பாக்கிக்கு ஏதாவது வழி உண்டா? பின்னால் திருட்டு என்று தெரிந்தால் எனக்கு என்ன ஆகும்?

பதில்: முதலில் அந்த "ஒரு மாதம்" விஷயம். ஒரு மாதம் இல்லை, ஒரு ராத்திரிக்குக்கூட அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கையில் உரிமம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். முறைப்படி கைமாறி உங்கள் உரிமத்தில் ஏறாத துப்பாக்கிக்கு அந்த உரிமம் துணை வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவை மீறியதாக வழக்கு வரலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். துப்பாக்கி திருட்டுப் பொருளாக இல்லாவிட்டாலும் இந்த வழக்கு நிற்கும்.

இணையத்தில் பார்க்கும் வழி பொதுமக்களுக்கு இல்லை. திருட்டுப் போன துப்பாக்கியின் விவரம் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையிலும் காவல்துறையின் சிசிடிஎன்எஸ் கணினி வலையிலும் இருக்கும். உரிமங்களின் விவரம் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போன துப்பாக்கிகளுக்கு இன்டர்போல் 'ஐஆர்ம்ஸ்' என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, அதையும் காவல்துறை வழியாகத்தான் பார்க்க முடியும். எண்ணைப் போட்டால் சொல்கிறோம் என்று வரும் வெளிநாட்டுத் தளங்களை நம்பி இறங்க வேண்டாம். தேன்கனிக்கோட்டையில் பதிவான திருட்டு வழக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

ஆனால் நீங்கள் தேடுகிற சோதனையைச் சட்டமே விற்பனைக்குள் வைத்திருக்கிறது, நிறையப் பேர் அதைக் கவனிப்பதில்லை. ஆயுதச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, தனிநபர் ஒருவர் தன் துப்பாக்கியை விற்க வேண்டுமானால், யாருக்கு விற்கப் போகிறார் என்று பெயர், முகவரியோடு மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் முடிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாறலாம். விற்பவரும் வாங்குபவரும் இந்த 45 நாளை வெறும் காத்திருப்பாகவே நினைக்கிறார்கள். துப்பாக்கியின் எண்ணைத் தங்கள் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிகளுக்குக் கிடைக்கிற அவகாசமே அதுதான். "எழுத்து வேலை அப்புறம்" என்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சோதனையைத்தான் தாண்டிப் போகச் சொல்கிறார்.

சட்டம் இரண்டில் ஒருவருக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டு மாவட்டம் வருவதால் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும், தேன்கனிக்கோட்டை காவல் நிலையத்துக்கும் சேர்த்தே கொடுக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் துப்பாக்கியின் வகை, தயாரிப்பாளர் பெயர், எண், பழைய உரிம எண் எல்லாம் இருக்கட்டும். "இந்த எண்ணுள்ள துப்பாக்கி காணாமல் போனதாகவோ திருட்டுப் போனதாகவோ புகார் உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் இப்படி எழுத வேண்டும் என்று இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் நீங்கள் நல்ல எண்ணத்தோடு நடந்தீர்கள் என்று காட்ட அந்த வரி உதவும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, அதில் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எனக்குத் திருட்டைவிடப் பெரிய கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். உரிமம் வைத்திருந்த அப்பா இறந்ததோடு அந்த உரிமத்தின் பலமும் போய்விட்டது. மகனிடம் சொந்த உரிமம் இல்லையென்றால், துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். இதைச் சொல்வது 21ஆவது பிரிவு. ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை: "துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது?"

ஸ்டேஷனில் அல்லது கடையில் இருக்கிறது, ரசீது இதோ என்றால் மனசுக்கு நிம்மதி. ஒப்படைத்த துப்பாக்கியை, குறித்த காலம் முடிவதற்குள், உரிமம் உள்ளவருக்கு விற்றுப் பணம் வாங்கிக்கொள்ள அதே 21ஆவது பிரிவு வாரிசுக்கு உரிமை தருகிறது. காலம் கடந்தால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும் என்பதால் அதையும் விசாரியுங்கள். வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்றால் அவரே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவர் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, ஒப்படைத்துவிட்டு வரட்டும். அதுவரை முன்பணம்கூட வேண்டாம்.

காகிதங்களில் ஜெராக்ஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அசல் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அது இருக்கும் இடத்திலேயே பாருங்கள். இரட்டைக்குழலை மடக்கித் திறந்தால் குழலின் அடிப்பக்கத் தட்டையிலும், அது உட்காரும் உடல் பகுதியிலும் முத்திரைகள் தெரியும். முன்கட்டையைக் கழற்றினால் அதன் இரும்பிலும் பெரும்பாலும் எண் இருக்கும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சுற்றிலும் பழைய கறுப்பு நிறம் இருக்க எண் இருக்கும் இடம் மட்டும் பளபளவென்றிருந்தால், எழுத்துகள் கோணலாகவோ ஆழம் மாறியோ இருந்தால், அங்கே அரம் பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாக 8ஆவது பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

நம் மாவட்டங்களில் நான் கேட்கச் சொல்கிற இன்னொரு காகிதம் தேர்தல் கால ரசீது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2019, 2021 தேர்தல்களில் ஒப்படைத்திருந்தால் துப்பாக்கி எண்ணோடு ரசீது இருக்கும். திருட்டுத் துப்பாக்கியை யாரும் தேர்தலுக்குத் தேர்தல் முறை வைத்து ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போவதில்லை. ஜெராக்ஸைவிட அந்தக் கசங்கிய ரசீதுகளை நான் அதிகம் நம்புவேன்.

உரிமம் எந்த அலுவலகத்தில் முதலில் கொடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய தேன்கனிக்கோட்டை உரிமம் என்றால் அது தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்ததாக இருக்க வேண்டும். 1998 தேதியோடு முதலில் உரிமம் கொடுத்த பக்கத்திலேயே கிருஷ்ணகிரி ஆட்சியர் முத்திரை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

திருட்டு என்று பின்னால் தெரிந்தால்? காவல்துறை அதைக் கைப்பற்றும். நீங்கள் முழு விலை கொடுத்திருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. திருடனிடம் இல்லாத உரிமையை அவனிடம் வாங்கியவருக்குச் சரக்கு விற்பனைச் சட்டம் தருவதில்லை. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். அதற்காகத்தான் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள் என்கிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கியிருந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பாதி விலை, அசல் காகிதம் இல்லை, அவசரம்: இந்த மூன்றையும் சேர்த்து வைத்து "உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?" என்று அரசு வழக்கறிஞர் கேட்பார்.

ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டீர்கள், கேள்வியில் சொல்லவில்லை என்றால், விற்றவரிடமே திருப்பிக் கொடுக்காதீர்கள், அது இன்னொரு கைமாற்றம். காட்டிலோ கிணற்றிலோ போடவும் வேண்டாம். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காவல்துறை அறிவித்ததும் நாட்டுத் துப்பாக்கிகளை ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்களே என்று அதைப் பின்பற்றாதீர்கள். அது அறிவிப்பு இருக்கும் காலத்துக்கு, உரிமமில்லாத துப்பாக்கிக்கு. எண்ணுள்ள துப்பாக்கியோடு உங்கள் பெயர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஒரு வழக்கறிஞரோடு போய் எழுத்து மூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ராகிக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று: துப்பாக்கி உரிமம் வன விலங்கைச் சுட அனுமதி இல்லை. அதற்கு வனத்துறையிடம் தனியாகப் போக வேண்டும், பன்றி உங்கள் கொல்லைக்குள்ளேயே நின்றாலும்.